புல்லுக்கடியில் கிடக்கும் வயல்கள்: ஃபைஃபீல்ட் டவுனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

முதல் தடவை போனபோது எனக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. ஜூலை மாதம், மதியம் ஒரு மணி, தலைக்கு நேர் மேலே வெயில், முழங்கால் உயரத்துக்குப் புல், அங்கங்கே சாம்பல் நிறக் கற்கள், அவற்றுக்கு நடுவே செம்மறி ஆடுகள், எது கல் எது ஆடு என்று தூரத்திலிருந்து பார்த்தால் சொல்லவே முடியாது, அவ்வளவுதான். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய வயல்கள் என்று எங்கோ படித்துவிட்டு ரயிலும் பஸ்ஸும் மாறிப் போனவனுக்கு எப்படி இருக்கும்? ஒரு சுற்று சுற்றிவிட்டு, கையோடு கொண்டுபோன சாண்ட்விச்சைத் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த ஜனவரியில், சாயங்காலம் மூன்று மணிக்கு, அதே இடத்தில் நின்றபோது சரிவு முழுக்கக் கட்டம் கட்டமாக வயல்கள் எழுந்து நின்றன. வரப்பு, வண்டிப்பாதை, வயல் திரும்பும் மூலை எல்லாம். இடம் மாறவில்லை, வெயில் விழும் கோணம்தான் மாறியிருந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் எங்கே போவது என்பது சின்னப் பகுதி. எப்போது போவது, போய் நின்று எதைப் பார்ப்பது என்பதுதான் பெரிய பகுதி.

முதலில் இடத்தைப் பற்றி

தென் இங்கிலாந்தில் வில்ட்ஷர் என்று ஒரு மாவட்டம். அதில் மார்ல்பரோ ஊருக்கு மேற்கே, பெரிய கல்வட்டத்துக்குப் பேர்போன ஏவ்பரிக்குக் கிழக்கே இருக்கும் மேட்டு நிலம்தான் ஃபைஃபீல்ட் டவுன். அதை ஒட்டி மேற்கே ஓவர்டன் டவுன். 'டவுன்' என்றதும் கீழே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், பழைய ஆங்கிலத்தில் குன்றுக்கு 'டூன்' என்று பெயர், அதுதான் திரிந்து இப்படி ஆனது. சுண்ணாம்புப் பாறைக் குன்று, அதன்மேல் மெல்லிய மண், அதன்மேல் புல். மரம் குறைவு, காற்று அதிகம். இப்போது இது தேசிய இயற்கைக் காப்பகம்.

பார்த்தவுடன் கண்ணில் படுவது சார்சன் எனப்படும் கற்கள்தான். மிகக் கடினமான மணற்கல். உள்ளூர்க்காரர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் 'சாம்பல் கிடாய்கள்', காயடித்த செம்மறிக் கிடாய் படுத்திருப்பது போலவே இருக்கும் என்பதால். ஸ்டோன்ஹெஞ்சில் நிற்கும் பெரிய கற்களும் இதே வகைதான். அவற்றில் பெரும்பாலானவை மார்ல்பரோவுக்குத் தென்மேற்கே உள்ள வெஸ்ட் வுட்ஸ் என்ற காட்டிலிருந்து போனவை என்று 2020-இல் வேதியியல் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். கூட்டம் எல்லாம் இந்தக் கற்களைப் பார்க்கத்தான் வருகிறது. கற்களுக்கு இடையில் கிடக்கும் வயலை மிதித்துக்கொண்டே போய்விடுகிறார்கள், நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன்.

வயல் எப்படித் தப்பிப் பிழைத்தது?

கிளம்புவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அங்கே பார்ப்பது எதுவும் பிடிபடாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் கி.மு. 1500-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் ஆரம்பித்து ரோமானியர் காலம் வரைக்கும் நன்றாகவே விவசாயம் நடந்தது. குன்று முழுக்க வயல், நடுவே வீடுகள், வீட்டிலிருந்து வயலுக்கும் மேய்ச்சலுக்கும் பாதை. அப்புறம் மெதுவாக ஆட்கள் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவிட்டார்கள். மேட்டு நிலம் ஆட்டுக்கு விடப்பட்டது. இந்த இடத்தில்தான் தமிழில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விஷயம் ஒன்று வருகிறது: கிடை. வில்ட்ஷரில் பல நூறு வருடமாக ஆடுகளைப் பகலில் குன்றின்மேல் மேய விடுவார்கள், இரவில் கீழே இறக்கிப் பள்ளத்தாக்கு வயல்களில் கிடை போடுவார்கள். மேட்டுப் புல்லைத் தின்ற ஆடு கீழே வந்து புழுக்கை போடும், மூத்திரம் பெய்யும், அதில் கோதுமை விளையும். கீழே விளைச்சல் வேண்டும் என்றால் மேலே புல் இருந்தே ஆகவேண்டும். ஆகவே மேட்டை உழவேண்டும் என்ற ஆசை சும்மா வந்தாலும் அடக்கிக்கொண்டார்கள். நம் ஊரில் கிடை போட்ட வயலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிறகு செயற்கை உரம் வந்தது, டிராக்டர் வந்தது, இரண்டாம் உலகப்போர் காலத்தில் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. ஆட்டுப் புழுக்கைக்கு மதிப்புப் போனதும் புல்லுக்கும் போயிற்று. போரின்போதும் அதற்குப் பின்னும் இந்தக் குன்றுகளில் பெரும்பகுதியை உழுது தள்ளிவிட்டார்கள், மூவாயிரம் வருடம் நின்ற வரப்புகள் சில உழவிலேயே மட்டமாகிவிட்டன. ஃபைஃபீல்ட் டவுன் தப்பியதற்குக் காரணம் அந்தச் சாம்பல் கிடாய்கள்தான். இத்தனை கல் கிடக்கிற நிலத்தில் எவன் டிராக்டரை விடுவான்? கலப்பையால் பிறந்த வரப்பு, கலப்பை வராததால் பிழைத்திருக்கிறது.

படி 1: வீட்டிலிருந்தே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை லைடார் தரவுகளை 2015-லிருந்து இலவசமாகத் தருகிறது. விமானத்திலிருந்து லேசர் கதிரை அனுப்பித் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் முறை இது. புல்லை, செடியை, மரத்தைக்கூட நீக்கிவிட்டு வெறும் தரையைக் காட்டும். இந்தப் பகுதியை லைடாரில் முதன்முதலாகத் திறந்து பார்த்தால் யாரோ குன்றின்மேல் கோணல்மாணலாகச் சதுரங்கப் பலகை வரைந்து வைத்தது போல இருக்கும். உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். எந்தச் சரிவில் கட்டங்கள் நெருக்கம், எங்கே நீளமாகின்றன, எங்கே இரண்டு வரப்புகளுக்கு நடுவே பாதை ஓடுகிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தின் வான்வழித் தொல்லியல் வரைபடமும் இணையத்தில் இருக்கிறது, விமானப் படங்களிலிருந்து அடையாளம் கண்ட வரப்பு, குழி, மேடு எல்லாவற்றையும் அதில் கோடு போட்டே காட்டியிருப்பார்கள்.

காகித வரைபடம் வேண்டும் என்றால் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் 157. கட்டாயம் வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் குன்றின்மேல் ஃபோன் சிக்னலை நம்பிப் போவது நல்ல யோசனை இல்லை. அந்த வரைபடத்தில் தொன்மையான இடங்களைப் பழங்காலக் கோணல் எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், 'வயல் தொகுதி' என்று அந்த எழுத்தில் போட்டிருக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஆரம்பித்ததே ஒரு வரைபடக்காரரிடமிருந்துதான். ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட், ஆர்ட்னன்ஸ் சர்வேயின் முதல் தொல்லியல் அதிகாரி. 1922-இல் விமானப்படை எடுத்த சில படங்கள் அவர் கைக்கு வந்தன. தரையில் நின்று வருடக்கணக்கில் தேடியும் பிடிபடாத வயல் கட்டங்கள் படத்தில் பளிச்சென்று தெரிந்தன. 1924-இல் அலெக்சாண்டர் கெய்லர் என்ற பணக்காரருடன் சேர்ந்து விமானம் ஏறி இந்தக் குன்றுகளைப் படமெடுத்தார். கெய்லரின் குடும்பம் ஆரஞ்சுத் தோல் ஜாம் விற்றுச் சம்பாதித்தது, அந்தக் காசில்தான் பின்னால் ஏவ்பரி கல்வட்டத்தின் நிலத்தை வாங்கித் தோண்டி, விழுந்த கற்களை நிமிர்த்தினார். இந்தச் சதுர வயல்களுக்குக் 'கெல்டிக் வயல்கள்' என்று கிராஃபோர்ட் வைத்த பெயர் இன்றும் நிலைத்துவிட்டது. வயல்களில் பல கெல்ட்டுகள் என்று யாரையும் குறிப்பிட்டுச் சொல்லும் காலத்துக்கு மிக முந்தியவை, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான்.

படி 2: நாளும் நேரமும்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மேகம் இல்லாத நாள். சாயங்காலம், அல்லது விடிந்தவுடன்.

காரணம் எளிது. டிசம்பர் கடைசியில் இந்த இடத்தில் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். அவ்வளவு தாழ்வான வெயிலில் ஒரு முழ உயரமுள்ள மேடுகூட நீளமான நிழல் விழுத்தும். புல்லும் அப்போது குட்டையாக இருக்கும். லேசாகப் பனி விழுந்திருந்தால் அதிர்ஷ்டம்தான்: காற்று பனியை வரப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கிவைக்கும், வயல் எல்லைகள் சுண்ணாம்புக் கோடு போட்டது போல நிற்கும். கனத்த பனி வேண்டாம், எல்லாவற்றையும் மூடிவிடும்.

கோடையில்தான் போக முடியும் என்றால் காலை ஆறு மணிக்கு அங்கே இருங்கள், அல்லது சாயங்காலம் எட்டு மணிக்கு. நடுப்பகலில் போனால் என் கதைதான்.

படி 3: போய்ச் சேர்வது

லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டனுக்கு ரயில், சுமார் ஒரு மணி நேரம். ஸ்விண்டனிலிருந்து டிவைசஸ் பக்கம் போகும் பஸ் ஏவ்பரியில் நிற்கும். காரில் வந்தாலும் ஏவ்பரியிலேயே காசு கொடுத்து நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. கல்வட்டத்திலிருந்து கிழக்கே கிரீன் ஸ்ட்ரீட் என்ற பழைய மண்சாலை ஏறுகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் குன்றின் முதுகில் ரிட்ஜ்வே பாதை குறுக்கே போகும். அதைத் தாண்டி நேரே கிழக்கே இறங்கினால் ஃபைஃபீல்ட் டவுன்.

இன்னொரு வழி, ஏ4 சாலையில் ஓவர்டன் ஹில் என்ற இடத்தில் ஆரம்பித்து ரிட்ஜ்வேயிலேயே வடக்கே நடப்பது. 139 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தேசிய நடைபாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. எனக்கு ஏவ்பரி வழிதான் பிடிக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கி மேலே போய் நிற்கும்போது முன்னால் நிலம் திடீரென்று விரியும்.

நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஈரமான சுண்ணாம்புச் சேறு சோப்பு மாதிரி வழுக்கும். குளிர்காலக் காற்று சுவெட்டரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், மேலே ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை வேண்டும். டார்ச் அவசியம், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். வழியில் டீக்கடை எதுவும் இல்லை, பிளாஸ்கில் கொண்டுபோங்கள்.

படி 4: முதல் வரப்பைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு வரப்பு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வரப்பு என்றதும் நம் நெல்வயல் வரப்பை நினைக்காதீர்கள். அது தண்ணீர் நிறுத்துவதற்காக மனிதன் கட்டுவது. இங்கே இருப்பதற்கு 'லிஞ்செட்' என்று பெயர், இதை யாரும் கட்டவில்லை. சரிவான நிலத்தை ஒவ்வொரு முறை உழும்போதும் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ப்பக்கம் நகரும். மழையும் சேர்ந்து தள்ளும். வயலின் கீழ் எல்லையில் ஒரு வேலியோ, ஒதுக்கிப்போட்ட கல்லோ, உழாமல் விட்ட புல் பட்டையோ இருந்தால் மண் அங்கே தேங்கும். மேல் எல்லையில் மண் கரைந்து பள்ளமாகும். அந்தப் பள்ளத்துக்கு மேலே இருப்பது அடுத்த வயலின் கீழ் எல்லை, அங்கேயும் மண் தேங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து, நூறு இருநூறு வருட உழவில் படிக்கட்டு மாதிரி ஒரு மேடு உருவாகிவிடும். ஃபைஃபீல்ட் டவுனில் சில இடங்களில் அது ஆள் உயரத்தைத் தாண்டும்.

எப்படித் தேடுவது? சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதை நோக்கி நில்லுங்கள், முதுகைக் காட்டாதீர்கள். வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும்போதுதான் மேடுகளின் நிழல் உங்கள் பக்கம் விழும். எதிர்ச் சரிவைப் பாருங்கள், கால்மாட்டில் தேடாதீர்கள். கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு, சரிவின் குறுக்கே நேராக ஓடும் கருத்த கோடு ஒன்றைத் தேடுங்கள். இயற்கைக்கு நேர்கோடு பழக்கமில்லை. ஒரு கோடு கிடைத்ததும் அதன் முனைவரைக்கும் கண்ணை ஓட்டுங்கள், அங்கே செங்குத்தாக இன்னொன்று கீழே இறங்கும். அதுதான் மூலை. மூலை கிடைத்தால் வயல் கிடைத்த மாதிரி.

பிறகு கிட்டே நடந்து போய்க் காலால் உணர்ந்து பாருங்கள். சரிவில் இறங்கிக்கொண்டே வரும்போது தரை மட்டமாகும், அப்புறம் திடீரென்று செங்குத்தாக இறங்கும், மறுபடி மட்டமாகும். கண்ணுக்கு மங்கலாக இருக்கிற இடத்தில்கூட முழங்கால் சரியாகச் சொல்லிவிடும்.

படி 5: வயல் ஏன் சதுரமாக இருக்கிறது?

கட்டங்களின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் சின்னவை, ஒரு ஏக்கருக்குக் கீழே, மிஞ்சினால் ஒன்றரை ஏக்கர். கிட்டத்தட்டச் சதுரம். இதற்கான விடை கலப்பையில் இருக்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பியக் கலப்பை மண்ணைப் புரட்டாது, கீறிக்கொண்டு மட்டும் போகும். நம் நாட்டுக் கலப்பையும் இதே ஜாதிதான், ஒரு கொழு, ஒரு மேழி, இரண்டு மாடு. ஒரு முறை உழுதால் சாலுக்கும் சாலுக்கும் நடுவே உழாத மண் மிச்சமிருக்கும், அதனால் குறுக்கு உழவு போட வேண்டும். நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. குறுக்கு உழவு போடுகிறவனுக்குச் சதுர வயல்தான் வசதி. எங்கள் தாத்தா ஏர் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே ஒரு இங்கிலீஷ்காரருக்கு இதை விளக்க எடுக்கும் நேரம் எனக்குத் தேவைப்படவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இது ஊகம் மட்டும் இல்லை. தொல்லியலாளர் பீட்டர் ஃபவுலர் 1959-லிருந்து பல பத்தாண்டுகள் ஃபைஃபீல்டையும் ஓவர்டனையும் ஆராய்ந்தார். இங்கே வரப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது அடியில் சுண்ணாம்புப் பாறையின் மேல் கொழு கீறிய தடங்கள் கிடைத்தன. ஏவ்பரிக்குப் பக்கத்தில் சவுத் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் ஒரு புதைமேட்டின் அடியிலும் குறுக்கும் நெடுக்குமாக உழுத கீறல்கள் இருந்தன. அந்த மேடு புதிய கற்காலத்தது, அதாவது ஐயாயிரம் வருடத்துக்கும் முன்னால் ஒருவன் அங்கே குறுக்கு உழவு ஓட்டியிருக்கிறான்.

எல்லா வயலும் சதுரமாக இருக்காது. சில இடங்களில் நீளவாக்கில் ஒடுங்கிய செவ்வகங்களைப் பார்ப்பீர்கள், அவை ரோமானியர் காலத்தில் திருத்தியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய வரப்பையே வைத்துக்கொண்டு, நடுவில் சிலவற்றை அழித்து, மறுபடி உழுதிருக்கிறார்கள். ஒரு கட்டத்தைக் காட்டி இது இந்த நூற்றாண்டு என்று தரையில் நின்றுகொண்டு அடித்துச் சொல்லாதீர்கள்.

படி 6: பாதை, கல், எரு

இரண்டு வரப்புகள் இணையாக, நடுவே ஒரு வண்டி போகிற அகலத்தில் பள்ளமாக ஓடினால் அது பாதை. ஆட்டையும் மாட்டையும் பயிரில் வாய் வைக்க விடாமல் ஓட்டிப்போன வழி. அதைப் பிடித்துக்கொண்டு நடங்கள், பாதை வீடு இருந்த பக்கமாகத்தான் போகும்.

வரப்பு ஓரங்களில் சார்சன் கற்கள் அதிகமாகக் கிடப்பதைக் கவனியுங்கள். உழவுக்கு இடைஞ்சலான கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போட்டிருக்கிறார்கள், நகர்த்த முடியாத அளவுக்குப் பெரியதை விட்டுவிட்டு அதையே எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மழைக்குப் பின் எலி வளையிலோ குழிமுயல் தோண்டிய மண்ணிலோ ஒரு பானை ஓடு தெரியலாம். வீடே இல்லாத வயல் நடுவில் ஓடு எப்படி வந்தது? குப்பைக்குழி எருவோடு வந்தது. உடைந்த சட்டி பானை குப்பையில் விழும், குப்பை வயலுக்குப் போகும். எந்தக் காலத்துப் பானை ஓடு எந்த வயலில் அதிகம் என்று பார்த்தே எப்போது எருப் போட்டு உழுதார்கள் என்று கணிக்கிறார்கள். ஓட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

நத்தையும் ஒரு சாட்சி. சுண்ணாம்பு மண்ணில் மகரந்தத் தூள் நிலைக்காது, ஆனால் நத்தை ஓடு ஆயிரக்கணக்கான வருடம் கெடாமல் கிடக்கும். நிழலில் வாழும் நத்தை வேறு, வெட்டவெளியில் வாழும் நத்தை வேறு. மண் அடுக்குகளைச் சலித்து, அரிசி அளவுள்ள அந்த ஓடுகளை எண்ணினால் எப்போது காடு அழிந்து வயலானது, எப்போது வயல் புல்லானது என்று தெரிந்துவிடும். ஜான் எவன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இந்த வட்டாரத்தில் செய்த வேலை அது.

படி 7: வீடு எங்கே?

எல்லாரும் கேட்பது இதுதான், பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். வெண்கலக் காலத்து வீடும் இரும்புக் காலத்து வீடும் மரத்தூண் நட்டு, தட்டி பின்னி, மண் பூசி, கூரை வேய்ந்த வட்ட வீடுகள். மரம் மக்கினால் மிஞ்சுவது தரையில் தூண்குழி மட்டும். ஓவர்டன் டவுனில் இரும்புக் காலக் குடியிருப்பு ஒன்றும் ரோமானிய காலக் குடியிருப்பு ஒன்றும் அகழ்ந்து பார்த்திருக்கிறார்கள், தோண்டியதை மூடிவிட்டதால் இன்று அங்கே புல்தான். சரிவைக் குடைந்து வட்டமாக மட்டப்படுத்திய சிறு மேடை எங்காவது கண்ணில் பட்டால் அது வீட்டு மனையாக இருக்கலாம்.

வீட்டைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் இன்னொரு நாள் ஒதுக்கி ஹாம்ப்ஷரில் உள்ள பட்ஸர் பழங்காலப் பண்ணைக்குப் போங்கள். 1972-இல் பீட்டர் ரெனால்ட்ஸ் ஆரம்பித்தது. அகழ்வில் கிடைத்த தூண்குழிகளை அப்படியே தரையில் குறித்து, அதன்மேல் முழு வட்ட வீடு கட்டிப் பார்த்தார்கள். எம்மர், ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை ரகங்களைப் பழைய முறையில் பயிரிட்டார்கள், விளைச்சல் எல்லாரும் நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. தானியக் குழியையும் சோதித்தார்கள்: சுண்ணாம்புப் பாறையில் குழி வெட்டி, தானியத்தைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிட்டால், ஓரத்துத் தானியம் முளைவிட்டு உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும், மிச்சம் எல்லாம் வசந்தம் வரை கெடாமல் தூங்கும். ஒரு காலத்தில் இந்தக் குழிகளை மனிதர்கள் குடியிருந்த பள்ளங்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1938, 39-இல் சாலிஸ்பரி அருகே லிட்டில் உட்பரியைத் தோண்டிய கெர்ஹார்ட் பெர்சுதான் அவை நம் குதிர் மாதிரியான சேமிப்பு என்று நிறுவியவர். நாஜிகளால் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டு வந்தவர், அவரைப் போர்க்காலத்தில் எதிரி நாட்டவர் என்று பிரிட்டன் ஒரு தீவில் அடைத்து வைத்தது வேறு கதை.

படி 8: பழைய தடத்தின் மேல் விழுந்த புதிய தடத்தைப் பிரித்துப் பாருங்கள்

சில இடங்களில் சதுரக் கட்டங்களுக்கு மேலேயே நீளமான, அகன்ற வரிவரியான மேடுபள்ளம் ஓடும். கார்டுராய் துணி மாதிரி இருக்கும். அது இடைக்காலத்தில் மண்ணைப் புரட்டும் கனத்த கலப்பையால் உழுத தடம். தானியத்துக்கு நெருக்கடி வந்த காலங்களில் மறுபடி குன்றேறி வந்திருக்கிறார்கள். ராட்டன் காப்ஸ் என்ற சோலைக்குப் பக்கத்தில் 13ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு ஒன்றின் அடித்தளத்தை ஃபவுலர் குழு கண்டுபிடித்தது. வின்செஸ்டர் மடத்தின் பழைய கணக்குகளில் 'ராடன்' என்ற பெயரில் வரும் பண்ணை அதுதான். எது மேலே எது கீழே என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் உங்களுக்கு இந்த நிலம் படிக்க வந்துவிட்டது.

படி 9: திரும்பும் வழியில் இரண்டு நிறுத்தம்

ஓவர்டன் டவுனில் ரிட்ஜ்வேக்குக் கிழக்கே, படுத்த நிலையில் ஒரு சார்சன் கல் இருக்கிறது. அதன் மேல் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்த கோடுகள், பக்கத்தில் வழவழவென்று ஒரு குழிவு. கற்கோடரிகளை உரசி உரசிக் கூர்தீட்டிய கல். வயல்களுக்கும் முந்தியது. குனிந்து பாருங்கள், அதன் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று வேலி போட்ட ஒரு சாதாரண மண்மேடும் அகழியும். பார்க்க ஒன்றுமில்லை, வயதும் அறுபதைத் தாண்டித்தான் இருக்கிறது. 1960-இல் தொல்லியலாளர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து வேண்டுமென்றே கட்டியது. துணி, தோல், மரம், எலும்பு எல்லாவற்றையும் உள்ளே புதைத்து, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று இரட்டிப்பாகும் ஆண்டுகளில் ஒரு பக்கமாக வெட்டிப் பார்ப்பது என்று திட்டம். மண்மேடு எப்படிச் சரியும், அகழி எப்படித் தூர்ந்துபோகும், எது மக்கும் எது மிஞ்சும் என்று அறிவதற்காக. அகழி முதல் சில வருடங்களிலேயே வேகமாகத் தூர்ந்து, பிறகு புல் பிடித்ததும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. 128ஆம் வருடம் என்றால் 2088. திட்டம் போட்டவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தே போட்ட திட்டம்.

செய்யக்கூடாதவை

மெட்டல் டிடெக்டர் கொண்டுபோகவே போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவது 1979-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். வரைபடத்தில் பொதுப்பாதை என்று காட்டியிருக்கும் வழிகளில் நடங்கள், சுற்றிலும் தனியார் நிலமும் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஓட்டத் தடங்களும் இருக்கின்றன, குதிரை வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். கல்லின் மேல் ஏறிப் படமெடுக்காதீர்கள், அதன் மேலுள்ள அரிய கற்பாசிக்காகவும்தான் இந்த இடத்தைக் காக்கிறார்கள். ஆடு இருக்கும் இடத்தில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். கேட்டைத் திறந்தால் மூடுங்கள். கோடையில் போனால் உண்ணி கடிக்கும், வீட்டுக்கு வந்ததும் காலைச் சோதித்துப் பாருங்கள்.

ஆடு மேய்வதைத் தொந்தரவு என்று நினைக்கவும் வேண்டாம். ஆட்டை எடுத்துவிட்டால் சில வருடங்களில் முள்புதர் ஏறிவிடும், அதன் வேர் வரப்பை உடைக்கும், குழிமுயல் உள்ளே வீடு கட்டும்.

வில்ட்ஷர் தூரம் என்றால்? டார்செட்டில் டர்ன்வர்த் அருகே ரிங்மோர் என்ற இடத்தில் இதேபோல் புல்லுக்குள் குடியிருப்பும் பாதையும் வயலும் சேர்ந்தே கிடக்கின்றன, நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் நிலம். கல்வீட்டு வட்டங்களே வேண்டும் என்பவர்கள் டார்ட்மூரில் உள்ள கிரிம்ஸ்பவுண்டுக்குப் போகலாம், சுற்றுச்சுவருக்குள் 24 வீட்டு வட்டங்கள் இருக்கின்றன.

கடைசியாக அந்த டார்ச் விஷயம். வரப்புகள் மிகத் தெளிவாகத் தெரிவது சூரியன் மறைவதற்கு முந்தைய இருபது நிமிடம். அதற்கு முன் கிளம்பினால் வந்த காரியமே வீண். அது முடிந்தபின் கிளம்பினால் ஏவ்பரி வரை இருட்டில் ஒரு மணி நேர நடை, கிரீன் ஸ்ட்ரீட்டில் விளக்கு கிடையாது, பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவு.